மூணுகல் மலையில் மாலைப் பெரட்டு

எனக்கு எழுபத்துநாலு வயது. வயிற்றில் பெற்றது ஐந்து, அக்கா விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழு பேரும் நன்றாக எழுதுவார்கள், படிப்பார்கள். நான் என் பெயரை மட்டும் எழுதுவேன், அவசரப்படுத்தினால் அதிலும் ஓர் எழுத்து விட்டுப்போகும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எழுத்துத் தெரியாவிட்டாலும் எனக்கு ஆட்களைத் தெரியும். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: பெர்மிட் ஐயாவைப் போல ஒரு மனிதர் இந்தச் சப்ரகமுவா மாகாணத்தில் இதற்கு முன் பிறந்ததில்லை. வானத்திலிருந்து ஒரு சம்மனசு இறங்கி எங்கள் மூணுகல் மலை உச்சியில் கால் வைத்தாலும், "உள்ளூரா, வெளிநாடா?" என்று கேட்டு டிக்கட் கிழித்த பிறகுதான் சிறகை மடக்க விடுவார்.

கஹவத்தையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வரும் பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில் என் தேத்தண்ணிக் கடை. எதிரே மலைப்பாதை. தேயிலை முடிகிற இடத்தில் ஓர் எல்லைக்கல் இருக்கிறது. அதற்கு மேலே பாதுகாப்புக் காடு. முன்பு விறகுக்குப் போய் வந்த காடுதான். பிறகு கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் மலை ஏற ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வன இலாகா ஒரு தகரக் கொட்டில் போட்டு, குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி, டிக்கட் எழுத ஒருவரை நாள் சம்பளத்துக்கு உட்கார வைத்தது. அவர்தான் இவர். அதற்கு முன் இருபது வருடம் எங்கள் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அப்போது அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். "பெர்மிட் இருக்கா?" என்று மூன்று பாஷையில் கேட்கத் தொடங்கியதிலிருந்து அது எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

கொட்டிலைக் கட்டியவர்கள் அதை எல்லைக்கல்லுக்கு மூன்று அடி உள்ளே தள்ளிக் கட்டிவிட்டார்கள். நீங்களும் நானும் என்ன செய்வோம்? பேசாமல் உட்காருவோம். பெர்மிட் ஐயா தினமும் காலையில் கல்லுக்கு வெளியே நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டிப் புத்தகத்தை எடுத்து, தனக்கு ஓர் உள்ளூர் டிக்கட் எழுதி, சொந்தக் காசைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். ஒருநாள் வந்த பெரிய அதிகாரி சிரித்துவிட்டு, "உங்களுக்கு எதுக்குங்க டிக்கட்?" என்றார்.

"எழுத்துல குடுங்க, நிறுத்திடுறேன்" என்றார் இவர். எழுத்து வரவில்லை. டிக்கட்டும் நிற்கவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீட்டில் பிறந்து கனடாவுக்குப் போன ஒருவன் பத்து வருடம் கழித்து மலை ஏற வந்தான். வெளிநாட்டுக்காரருக்கு டிக்கட் விலை பல மடங்கு. "நான் இந்த லயத்துல பொறந்தவன் ஐயா. எனக்குத் தொட்டில் கட்டின கூரை வளை இன்னும் இருக்கு" என்றான்.

"நீங்க இங்க பொறந்தீங்க தம்பி, ஒத்துக்கிறேன். உங்க பாஸ்போட் எங்க பொறந்திச்சு?"

அவனுடைய தாய் கத்தியும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கடைசியில் தாய்க்கு உள்ளூர் டிக்கட், மகனுக்கு வெளிநாட்டு டிக்கட். பக்கத்தில் பக்கத்தில் நடந்து போனார்கள்.

இதையெல்லாம் தூக்கி அடிப்பது அவருடைய மாலைப் பெரட்டு. பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவது. இருபது வருடம் அதைச் செய்த வாய் சும்மா இருக்குமா? மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களை மூங்கிலுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கை தூக்கி, "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சிங்களவர் "இன்னவா" என்று சொல்லலாம், அர்த்தம் அதேதான். வெறுமனே தலையை ஆட்டினால் செல்லாது. வெள்ளைக்காரர்கள்கூட நாலு தடவை பழகி, நாக்கைச் சுருட்டி, "இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறுவார்கள். நானும் கடையில் நின்று சிரித்திருக்கிறேன். ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டேன், "ஐயா, இவங்களுக்கு அரைப்பேரா, முழுப்பேரா?" என்று. அரைநாள் வேலைக்கு நாங்கள் சொல்வது அரைப்பேர். அவர் சிரிக்கவில்லை. "எண்ணிக்கை சரியா இருந்தா முழுப்பேரு" என்றார்.

இப்போது என் கடைக்குட்டி செல்வராசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் வழிகாட்டி அவன். இலாகா கொடுக்கும் பேட்ஜ் இல்லாமல் அந்த வேலை செய்ய முடியாது. மூன்று வருடம் அலைந்து வாங்கினான். பெண்சாதி, இரண்டு பிள்ளைகள், எல்லாச் சோறும் அந்தப் பேட்ஜிலிருந்துதான். ஒரு தடவை அவன் கூட்டிப்போன ஒருவர் காட்டுப்பூவைப் பிடுங்கிப் பையில் ஒளித்திருந்தார். பெர்மிட் ஐயா பையைத் திறந்து பார்த்து, செல்வராசாவின் பேரில் ஒரு குற்றம் எழுதிவிட்டார். இன்னொன்று எழுதப்பட்டால் பேட்ஜ் போகும். நான் அவருக்கு ஒரு மாதம் சீனி குறைத்துத்தான் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுக் காசை எண்ணி வைத்துவிட்டுப் போவார்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மழைநாள். கொழும்பு ஆபீஸ் ஒன்றிலிருந்து பதினொரு பேர். கேட் மூடுவது நாலு மணிக்கு. மூன்றரைக்கே வானம் கறுத்து, அடித்து ஊற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கும்பல் ஓடிவந்து என் கடைத் தறப்பாளுக்குக் கீழே ஒதுங்கியது. செல்வராசா கடைசியாக வந்தான். கடைக்குப் பின்பக்கமாக வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"அம்மா, ஒரு ஆள் கொறையுது. திலினின்னு ஒரு புள்ள. என் பின்னாடிதான் வந்துச்சு, மழை அடிச்ச நேரம் எங்கேயோ நின்னுருச்சு."

"ஐயாகிட்ட சொல்லுடா!"

"சொன்னா எழுதிருவாரு. பேட்ஜ் போயிரும்மா. விறகுப் பாதையால குறுக்க ஓடுனா பத்து நிமிசத்துல கூட்டிட்டு வந்துருவேன்."

"பேர் கூப்பிடுவாரேடா!"

"எதாவது சொல்லுங்கம்மா!"

சொல்லிவிட்டு ஒன்பதாம் நம்பர் தேயிலைக்குள் புகுந்து மறைந்துவிட்டான். அந்தப் பக்கம் கொட்டிலிலிருந்து தெரியாது. எதாவது சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னால் நான் சொல்லாமல் இருப்பேனா?

பெர்மிட் ஐயா குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு மழைக்குள் வந்து நின்றார். அவருடைய பெரட்டில் முதலில் வழிகாட்டியின் பேர்.

"செல்வராசா!"

"கக்கூசுக்குப் போயிருக்கான் ஐயா. வயித்தால போகுதாம்."

அவன் இறங்கி வந்ததை அவரே பார்த்திருந்தார். புத்தகத்தில் கோடு இழுத்தார். பிறகு ஒவ்வொரு பேராக வந்தது. மழைச் சத்தம், ஆட்களின் சத்தம், தறப்பாளில் தண்ணீர் கொட்டும் சத்தம். யார் முகமும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

"திலினி!"

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் ராசாத்தி என்று ஒருத்தி, கைக்குழந்தையை ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடி வருவாள். அவள் வருவதற்குள் பேர் கூப்பிட்டு முடிந்தால் அன்றைய வேலை போச்சு. அதனால் "ராசாத்தி!" என்றதும் நான் குரலை மாற்றி, "இருக்கேன்!" என்பேன். எனக்குப் பிள்ளை பிறந்தபோது அவள் எனக்காகச் சொன்னாள். தோட்டத்தில் எல்லாப் பெண்களும் செய்ததுதான். எங்களுக்கு அது பொய்யே இல்லை. வராதவளுக்காக ஒருநாளும் சொன்னதில்லை. வந்துகொண்டிருக்கிறவளுக்காகத்தான் சொன்னோம்.

"திலினி!" என்றார் மறுபடியும்.

தண்ணீர் கொதிக்கும் கேத்தலுக்குப் பின்னால் குனிந்துகொண்டு, எழுபத்திரண்டு வயதுத் தொண்டையை இருபத்தைந்தாக்கி, "இன்னவா!" என்றேன்.

பெர்மிட் ஐயா தலையைத் தூக்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தறப்பாளையே கொஞ்ச நேரம் பார்த்தார். கை தூக்கச் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த பேரைக் கூப்பிட்டார். முடிந்ததும், கடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த தாசன், பியசேன இரண்டு பேரிடமும் போய்க் காதில் எதையோ சொன்னார். அவர்கள் பாதை வெட்டுகிறவர்கள். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு மேலே போனார்கள். எங்கேயோ மரம் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழும்புக்காரர்கள் பாதிப் பேர் கீழே மதகடியில் நின்ற வேனுக்குப் போனார்கள், பாதிப் பேர் கடையில். வேனில் இருக்கிறாள் என்று இவர்கள், கடையில் இருக்கிறாள் என்று அவர்கள். பத்து நிமிடம் போயிற்று. இருபது போயிற்று. நான் ஒரே கோப்பையை நாலு தடவை கழுவினேன்.

நாலரை மணிக்கு மேலே சத்தம் கேட்டது. தாசனும் பியசேனவும் ஒரு சாக்கைக் கம்பில் கட்டி, அதில் அந்தப் பெண்ணை உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். கால் பிசகி, பெரிய பாதையிலேயே ஒரு பாறைக்கடியில் உட்கார்ந்திருந்தாளாம். அவளுடைய கூட்டாளிகள் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் சந்தோஷத்தில் கை தட்டினேன். மூன்றாவது தட்டில் என் கை நின்றுவிட்டது.

பெண் இங்கே. என் மகன் எங்கே?

அவன் விறகுப் பாதையில் போயிருக்கிறான். இவர்கள் பெரிய பாதையில் வந்திருக்கிறார்கள். வந்துவிட்ட பெண்ணை அவன் காட்டுக்குள் தேடிக்கொண்டிருக்கிறான். அது யாருக்கும் தெரியாது. புத்தகத்தில் அவன் திரும்பி வந்தாயிற்று.

"செல்வராசா கோ?" எங்கே அவன் என்று கேட்டார்கள் கொழும்புக்காரர்கள், நன்றி சொல்லிவிட்டுப் போக.

"உடுப்பு மாத்த வீட்டுக்குப் போயிட்டான்" என்று சிங்களத்தில் சொன்னேன். என் வாய்தான் சொன்னது. ஒரு பொய் சொன்ன வாய்க்கு அடுத்தது தானாக வருகிறது.

வேன் போயிற்று. பெர்மிட் ஐயா கொட்டிலுக்குள் போய்ப் புத்தகத்தில் அன்றைய கடைசிக் கோட்டை இழுக்க அடிமட்டம் எடுத்தார். கடைக்குப் பக்கத்தில் ஓடும் வாய்க்காலைப் பார்த்தேன். செம்மண் நிறத்தில், கொப்பும் கிளையுமாக வந்தது. மேலே ஆறு பெருகிவிட்டது. விறகுப் பாதை அந்த ஆற்றைத் தாண்டித்தான் போகும். போனவன் அதே வழியில்தான் திரும்ப வேண்டும். காது கொடுத்தால் கல் உருளும் சத்தம் கேட்டது.

அவனே வந்துவிடுவான், இந்தக் காட்டில் வளர்ந்தவன் என்று ஒரு மனம் சொன்னது. சொன்னால் பேட்ஜ் போகும் என்றும் அதே மனம்தான் சொன்னது. நான் யாரிடமும் தலை குனிந்தவள் இல்லை. துரைமாரிடமே குனியாதவள். அன்றைக்கு அந்த இருபது அடி தூரத்தை நடந்தேன்.

"ஐயா... அந்தத் திலினி..."

"தெரியும்" என்றார், தலையைத் தூக்காமல். "இன்னவான்னு சொன்னது நீங்கதான். இருவது வருசம் உங்க கொரல் கேட்டிருக்கேன் அந்தோணியம்மா. ராசாத்தி கடைசில இழுப்பா, நீங்க வெட்டிருவீங்க. அதான் உடனே தாசன அனுப்பிச்சேன்."

"அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா இன்னொன்னு சொல்லுவீங்க. நேரந்தான் போகும்."

"இன்னொன்னு சொல்லிட்டேன் ஐயா. செல்வராசா கக்கூசுக்குப் போகல."

அடிமட்டம் கீழே விழுந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புத்தகத்தில் செல்வராசாவின் பேரில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். "பேர் கூப்பிடுறப்ப ஆளக் கண்ணால பாக்காம நான் கோடு போட்டதே இல்ல" என்றார். "உங்க வார்த்தைக்குப் போட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாசனையும் பியசேனவையும் கயிற்றோடு திரும்பக் கூப்பிட்டார். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார். நான் மூங்கிலுக்குக் கீழே குனிந்து உள்ளே நுழையப் போனேன்.

"நில்லுங்க. நீங்க எங்க?"

"என் மகன் அங்க இருக்கான்! விறகுப் பாத எனக்குத்தான் தெரியும். நான் வருவேன்."

"அப்ப பெர்மிட் எடுக்கணும்."

என் வாயில் அன்று வந்த வார்த்தைகளைப் பேத்தி எழுத மாட்டேன் என்கிறாள். அங்கே என் பிள்ளை தண்ணீருக்குள் நிற்கிறானோ கிடக்கிறானோ, இவர் பேனாவைத் தேடுகிறார்! பெர்மிட் ஐயா மேசைமேல் குனிந்து எனக்கு ஒன்று எழுதினார். அவருடைய காலை டிக்கட் நாலு மணியோடு முடிந்துவிட்டதாம். ஆகவே தனக்கும் ஒன்று.

"எழுதாமப் போன ஆள எவன் தேடுவான்?" என்றார், எழுதிக்கொண்டே. "எங்க அக்கா வேற தோட்டத்துக்கு விருந்தாளியாப் போயிருந்தப்ப லயத்து மேல மண் சரிஞ்சிச்சு. லயத்து ஆளுங்க பேரையெல்லாம் வச்சித் தோண்டுனாங்க. எண்ணிக்கை சரியா வந்துச்சு, நிறுத்திட்டாங்க. அக்கா பேரு எதுலயும் இல்ல."

மூங்கிலைப் பிடித்திருந்த கையை எடுத்தேன்.

நேரம் எழுதும் இடம் வந்தது. பேனா நின்றது. "நாலு மணிக்கு மேல பெர்மிட் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார், தனக்குத்தானே பேசுவது போல.

"மூணேமுக்கால்னு போடுங்க ஐயா! யாரு பாக்கப் போறா?"

சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தார். அஞ்சு பன்னிரண்டு என்று எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார்.

ஒன்பதாம் நம்பர் தேயிலைக்குள் நான் முன்னால், அவர் பின்னால், தாசனும் பியசேனவும் கயிற்றோடு. அட்டை காலில் ஏறியதெல்லாம் வீட்டுக்கு வந்துதான் தெரியும். காட்டுக்குள் நுழைந்ததும் பாதை ஓடையாகிவிட்டிருந்தது. மூன்று இடத்தில் விழுந்தேன். மூன்று தடவையும் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "பெர்மிட் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். என் வயதில் இப்படி ஒரு மனிதரை அடிக்கவும் முடியாது.

ஆறு இரண்டு மடங்கு அகலமாகிக் கிடந்தது. அக்கரையில் புகை மாதிரி மழை. ஆள் தெரியவில்லை. "செல்வா! செல்வா!" என்று கத்தினேன். என் குரல் பாதி ஆற்றைக்கூடத் தாண்டவில்லை.

பெர்மிட் ஐயா முன்னால் போய் நின்றார். இரண்டு கையையும் வாயில் குவித்து, பெரட்டுக் களத்தில் கூப்பிட்ட அதே குரலில், ராகம் மாறாமல் கூப்பிட்டார்.

"செல்வராசா!"

தண்ணீர் மட்டும் சத்தம் போட்டது.

"செல்வராசா!"

பியசேன குனிந்து ஆற்றின் கீழ்ப்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினான். அவன் ஏன் அங்கே பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது. தாசனின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"செல்வராசா!"

"இருக்கேன்!"

மெதுவாக, தூரத்திலிருந்து வந்தது. நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நம்பவில்லை.

"யாரு சொல்றது? கையத் தூக்கு!"

அக்கரையில் ஒரு மரத்தின் பின்னாலிருந்து ஒரு கை எழும்பியது.

கயிறு மூன்றாவது வீச்சில்தான் அவனுக்கு எட்டியது. இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். நடு ஆற்றில் கால் வழுக்கித் தலை உள்ளே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மூன்று பேரும் குதிகாலைக் கல்லில் உதைத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெர்மிட் ஐயாவின் கண்ணாடி ஆற்றோடு போய்விட்டிருந்தது. கரையில் வந்து விழுந்தவன் தண்ணீரைத் துப்பிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் புள்ள?"

"அது இந்நேரம் பாதிக் கொழும்பு போயிருக்கும்டா!" என்று அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன்.

கண் தெரியும் வெளிச்சத்திலேயே கீழே வந்து சேர்ந்தோம். பெர்மிட் ஐயா புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்து, எங்கள் ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்துக் கோடு போட்டார். பிறகு நடந்ததை எழுதத் தொடங்கினார்.

"எல்லாத்தையும் எழுதணுமா ஐயா?"

"ஆமா."

எழுதினார். செல்வராசா பேர் கூப்பிடும் முன் போனது, இன்னவா சொன்னது யார், டிக்கட் எழுதியது எத்தனை மணிக்கு, எல்லாம். இலாகாவில் விசாரணை நடந்தது. செல்வராசாவின் பேட்ஜை மூன்று மாதம் பிடித்து வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள், அந்தப் பெண்ணைத் தேடித்தானே போனான் என்று. ஆனால் மூடும் நேரத்துக்குப் பிறகு பெர்மிட் எழுதி, ஒரு கிழவியைப் பெருகிய ஆற்றுக்குக் கூட்டிப்போன ஆளை அவர்கள் விடவில்லை, வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "மூன்றேமுக்கால்" என்று போட்டிருந்தால் இன்றைக்கும் அந்தக் கொட்டிலில் இருந்திருப்பார்.

நிவித்திகலவில் மகள் வீட்டுக்குப் போகக் கிளம்பிய காலையில், தகரப் பெட்டியோடு என் கடைக்கு வந்தார். சீனி நிறையப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன், ரொட்டியும் கட்டிக் கொடுத்தேன். என்னால்தானே உங்களுக்கு இப்படி என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பஸ் வருது ஐயா" என்றுதான் வந்தது. அவர் ஏறும்போது, "சீனி கூடிப்போச்சு அந்தோணியம்மா" என்றார்.

இப்போது டிக்கட் எல்லாம் போனில் எடுக்கிறார்கள். சாயங்காலம் யாரும் பேர் கூப்பிடுவதில்லை. என் மகன் மட்டும் தன்னோடு வருகிறவர்களை நிறுத்தி வைத்துக் கூப்பிடுகிறான். அன்றைக்கு பஸ்ஸடியில் சொல்லாமல் விட்டதைத்தான் இன்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொட்டலம் சுற்றி வந்த தாளைக்கூடப் படிக்காமல் போடாத மனிதர் அவர். இது பத்திரிகையில் வந்தால் கட்டாயம் அவர் கண்ணில் படும்.

எங்கே கண்ணு, முதல் வரியிலிருந்து ஒரு தடவை மெதுவாகப் படி. நான் எங்காவது கூட்டிக் குறைத்துச் சொல்லியிருந்தால் இப்போதே அடித்துவிடு. அவருக்கு என் குரல் தெரியும்.